என் மகளுக்கு நான் கொடுத்த மருந்து

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்துக்கென்று எந்தப் படிப்பும் நான் படிக்கவில்லை. பத்தாவது முடித்துவிட்டு அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கப் போனவன், அப்படியே கவுண்டருக்குப் பின்னால் ஏறி நின்றுகொண்டேன். ஆனால் சீசன் மாதங்களில் என்னைப் பார்த்தால் இதை நம்பமாட்டீர்கள். அருவியில் நனைந்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் தொண்டை கரகரக்கிறது, காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்பார்கள். நாலு மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டு நீட்டுவேன். அதற்குச் ‘சீசன் செட்டு’ என்று நானே பெயர் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு என்றால் சிரப்பு. சிலர் என்னை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். நானும் ஒருநாள்கூடத் திருத்தியதில்லை.

அந்த வருடம் சீசன் அமோகமாக இருந்தது. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். ஒரு வியாழக்கிழமை அவளுக்கு மூக்கு ஒழுகியது, சாயங்காலம் இருமல் வந்தது, உடம்பும் சுட்டது. கடையிலிருந்து வரும்போது இரண்டு பாட்டில் எடுத்து வந்தேன். ஒன்று ஆன்டிபயாடிக். அளவு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாதி போதும் என்று முடிவு செய்தேன். ‘சின்ன உடம்பு, பவர் தாங்காது’ என்று எத்தனையோ அம்மாமாரிடம் சொல்லிச் சொல்லி அது எனக்கே வேதமாகிவிட்டிருந்தது. இன்னொன்று இருமல் சிரப்பு. குடித்தால் இருமல் அடங்கும், தூக்கம் வரும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதன் அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பொடி எழுத்தையெல்லாம் நின்று வாசிக்கிற ஆளா நான்?

வெள்ளி, சனி இரண்டு நாளும் பிள்ளை தூங்கினாள். இருமல் நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியாட்டி, ரெண்டே நாளு,” என்றேன் என் மனைவியிடம்.

“இருமல் நின்னுட்டு. ஆனா பால் குடிக்க மாட்டேங்காளே. வாய வச்சுட்டு வச்சுட்டு எடுத்துருதா.”

“மருந்து வேலை செய்யுதுல்லா, அதான்.”

என் மனைவி பீடி சுற்றுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. மடியில் சுளகு, சுளகில் இலையும் புகையிலைத் தூளும், பக்கத்தில் தொட்டில். மதியத்துக்கு மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து சுற்றுவார்கள். வீடே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்றைக்கு அவள் பேசவில்லை, சுற்றவும் இல்லை. தொட்டிலைப் பார்த்தபடி இருந்தாள்.

“ஒரு எட்டு தென்காசி பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துருவோமா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எதுக்கு? அங்க என்னத்த எழுதிருவாங்க? நான் குடுத்தததான் எழுதப் போறாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழம, கடைல நிக்க எடமிருக்காது. சும்மா கெட.”

கூட்டம் ஒரு காரணம்தான். மருந்துக் கடைக்காரன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓபி சீட்டு வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் பெரிய காரணம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் கெத்துக்காக என் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். கவுண்டருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் ஈரத்துண்டோடு நின்றார்கள். அவர்களை இடித்துக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தாள். செருப்பில்லை. பிள்ளையை டவலில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள்.

“எண்ணுனேன்,” என்றாள். “செல்லுல ஒரு நிமிஷம் வச்சு மூணு தடவ எண்ணிட்டேன். அறுபத்தாறு.”

தடுப்பூசி போடும்போது கிராமத்து நர்ஸ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளை நிமிஷத்துக்கு ஐம்பதும் அதற்கு மேலும் மூச்சு விட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து பீடி எண்ணிக் கட்டுக் கட்டுகிறவள் அவள், எண்ணிக்கை தப்பாது. அது தெரிந்தும் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அழுதிருப்பா. அழுதா மூச்சு கூடத்தான் செய்யும்.”

“அவ அழவே மாட்டேங்கா. அதான் எனக்கு ஈரக்கொல நடுங்குது.”

சொல்லிவிட்டு அவள் பிள்ளையைக் கவுண்டர் மேல் கிடத்தினாள். டவலை எடுத்தாள், குல்லாவை எடுத்தாள். ஸ்வெட்டர், அதற்குள் ஒரு சட்டை, அதற்குள் ஒரு பனியன். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் பிள்ளைகளை இப்படித்தான் மூடி வைப்பார்கள், மூக்கு மட்டும் வெளியே தெரியும். மூன்று நாளாக நானும் அந்த முகத்தைப் பார்த்தேன், நெற்றியில் கை வைத்தேன், அவ்வளவுதான். பனியனைத் தூக்கினாள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் என் மகளின் விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே போய்ப் பள்ளமாகி, மேலே வந்து, மறுபடியும் பள்ளமாயிற்று. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. கண் பாதி திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. அதுவரை எத்தனை பிள்ளைகளுக்குச் சளி மருந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒரு பிள்ளையின் நெஞ்சைக்கூட நான் பார்த்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

“என்னங்க மரம் மாதிரி நிக்கீக? ஆட்டோவக் கூப்பிடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

நூற்றெட்டுக்கு அடித்தேன். வண்டி வருகிறது, ஆனால் கீழே மெயின் அருவிப் பக்கம் கூட்டத்தில் மாட்டியிருக்கிறது என்றார்கள். தெரிந்த ஆட்டோ அண்ணாச்சி ஒருவர் ஏற்றியிருந்த சவாரியை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். தென்காசிக்கு எப்போதும் இருபது நிமிஷப் பாதைதான். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதற்குக் கணக்கே கிடையாது. வேன்கள், சுற்றுலா பஸ்கள், நடுரோட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கிறவர்கள், பலாச்சுளை வாங்க வண்டியை அப்படியே நிறுத்துகிறவர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற வேனில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஆட்டோ நகரவில்லை. திடீரென்று எண்ணிக்கை நின்றது. நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

“என்னட்டி?”

“விட்டு விட்டு வருதுங்க.”

அடுத்த நொடி அவள் இறங்கிவிட்டாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் நின்ற வேனின் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். “பிள்ளைக்கு மூச்சு இல்ல, வழி விடுங்கய்யா! வழி விடுங்க!” பாட்டு நின்றது. அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஏழெட்டு ஆண்கள், எந்த ஊர்க்காரர்களோ, எண்ணெய் வழிகிற உடம்போடு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்கள். காரைத் தட்டி நகரச் சொன்னார்கள், பைக்கை ஓரமாகத் தூக்கி வைத்தார்கள், கையை ஆட்டிக் கத்தினார்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஆட்டோ அவர்கள் பின்னாலேயே போயிற்று. மேலகரம் தாண்டியதும் அண்ணாச்சி ஆக்சிலேட்டரை முறுக்கிய முறுக்கில்தான் நான் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டெல்லாம் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்ததுமே நர்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினார். கால் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்துநாலுதான் என்று காட்டியது. ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கலாம். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபடியே பேசினார்.

“நிமோனியா. கொஞ்சம் முத்தித்தான் இருக்கு. வீட்ல என்ன மருந்து குடுத்தீங்க?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மருந்தின் பெயரோ சரியான அளவோ தெரியாது, என்னை நம்பி நான் சொன்னபடி ஊற்றிக் கொடுத்தவள். பக்கத்தில் நின்ற நர்ஸ் எங்கள் கடைக்கு வருகிறவர். “மெடிக்கல் அண்ணாச்சிதானே?” என்று அடையாளம் வேறு கண்டுகொண்டார்.

“காய்ச்சலுக்கும் சளிக்கும் சாதாரண சிரப்புதான் டாக்டர்,” என்றேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். தடுப்பூசி, தாய்ப்பால், விறகடுப்பா கேஸா என்று வரிசையாகக் கேட்டார். அப்போது என் மனைவியின் விரல்களைப் பார்த்தார். “பீடி சுத்துவீங்களாம்மா?”

“ஆமா டாக்டர்.”

“பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டேவா?”

“தொட்டிலு அங்கனதான் கட்டிருக்கு.”

“அந்தத் தூசி பிள்ளைங்க நெஞ்சுக்கு ஆகாதும்மா. இனிமே தள்ளி வச்சுக்கோங்க.”

பத்துக் கேள்வியில் அதுவும் ஒன்று. டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் என் மனைவி அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். முகம் அப்படியே செத்துப் போயிற்று. புடவைத் தலைப்பால் விரல்களை மூடிக்கொண்டாள்.

குழந்தைகள் வார்டுக்குள் அம்மாவை மட்டும்தான் விடுவார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஊசி போட்டிருக்கிறது, ஆக்சிஜன் ஓடுகிறது, பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை என்று அவள் நடுநடுவே வந்து சொன்னாள். மறுநாள் காலையிலும் அதையேதான் சொன்னாள். அழுது அழுது குரல் போயிருந்தது. “என் பிள்ளைய நானே கெடுத்துட்டேங்க. பச்சப்பிள்ள பக்கத்துல வச்சுல்லா தூளக் கொட்டிட்டுக் கெடந்தேன்,” என்றாள். நான் சும்மா இரு, ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து ஆள், மானாவாரி விவசாயம். அவருடைய ஆண் குழந்தை ஏழு மாதம், உள்ளே இருந்தது. திருநெல்வேலிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் யாரிடமும் பேசுகிற மாதிரி இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

“மெடிக்கல்ல வாங்கிக் குடுத்தோம் அண்ணாச்சி. மூணு நாளு. மருந்து குடிச்சதும் தூங்கிட்டான், சரியாயிட்டுன்னு நெனச்சுட்டோம். நாலாம் நாளு பாத்தா நெஞ்சு அடிச்சுக்கிடுது. அந்த மெடிக்கல்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சோலி பாக்கீய?”

“கடைல நிக்கேன்,” என்றேன்.

என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பலசரக்குக் கடை என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் ஓடினார். ஸ்ட்ரெச்சரில் ஒரு சின்ன உருவம், முகத்தில் பெரிய மாஸ்க், கூடவே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள், பின்னால் மாரில் அடித்துக்கொண்டு ஓடும் தாய். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

எழுந்தேன். டாக்டர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். வழியை மறித்து நின்றேன். மருந்தின் பெயர், பாதி அளவு, எத்தனை வேளை, தூக்கம் வரவைக்கிற சிரப்பு, பொடி எழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. பேனாவைத் திறந்து கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

“கடைசியா எப்ப குடுத்தீங்க?”

“ஞாயித்துக்கிழம காலைல எட்டு மணி.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“பாதி அளவுல கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிக்கும். அதான் நான் போட்ட ஊசி சரியா கேட்கல போல. மயக்கம் நோயாலயா வேற எதுனாலயான்னு நேத்து முழுக்கக் குழம்பிட்டிருந்தேன். நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா நேத்தே ஊசிய மாத்தியிருப்பேன். ஒரு நாள் போச்சு.” நாலு எட்டு நடந்தவர் நின்று திரும்பினார். “உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது டாக்டர்.”

“பீடியாலதான்னு அழுதுட்டிருக்காங்க. தூசியும் கெடுதல்தான், இல்லங்கல. ஆனா இவ்வளவு முத்துனது அதனால மட்டும் இல்ல. நீங்களே சொல்லிடுங்க.”

“சொல்லுதேன்,” என்றேன்.

ஊசியை மாற்றினார்கள். அன்றைக்கு முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு நர்ஸ் வேகமாக நடந்தால் என் பிள்ளைக்குத்தான் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உள்ளே இருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பத்துப் பிள்ளைகள் இருக்கிற வார்டு அது. ஆனாலும் அது என் மகள் என்று எனக்குத் தெரிந்தது. என் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

“ஏங்க, அழுதுட்டா! பசிக்குதுன்னு அழுதா, பால் குடிச்சா!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்த வராந்தாவில் கூச்சமில்லாமல் அழுதோம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“இனிமே இந்தக் கையால பீடி தொடமாட்டேன். பிள்ளைமேல சத்தியம்.”

நான் “சரி” என்றேன்.

அந்த ஒரு சொல்லை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பயந்தேன், அதுதான் உண்மை. அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். பிறகு நாளை சொல்லலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், பிள்ளைக்கு ஒரு வயது ஆகட்டும் என்று தள்ளித் தள்ளிப் போனது. நாள் கடக்கக் கடக்க, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்கிற கேள்வி மருந்தைவிடப் பெரிதாகிவிட்டது.

அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். சுளகைத் தூக்கி யாருக்கோ கொடுத்தாள். வீட்டில் கூடிய பெண்கள் வேறு வீட்டுக்குப் போனார்கள். அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். மதியத்தில் எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. இப்போது ஒரு லாட்ஜில் அறை துடைத்து விரிப்பு மாற்றப் போகிறாள். மகளுக்குச் சும்மா தும்மல் வந்தாலும் அன்றைக்கு இவள் சாப்பிடமாட்டாள். கடையில் நான் மாறிவிட்டேன். கைப்பிள்ளைக்குச் சளி மருந்து கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறேன். முதலாளி முகம் சுளிக்கிறார். இதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் நல்லவனாக இருப்பதற்கு ஒன்றும் செலவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு, வாய் காது வரைக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மனைவியின் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளும் பீடி சுற்றுகிறவள்தான். குழந்தை இரண்டு தடவை இருமியது. என் மகள் பெரிய மனுஷி மாதிரி அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“சித்தி, நீ பீடி சுத்தாத. நான் சின்னதுல நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கெடந்தேன்லா? எங்கம்மா பீடி சுத்துனதாலதான். நான் செத்துப்போகப் பாத்தேன், தெரியுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ஆமாட்டி, என்னாலதான். சித்திட்ட நல்லாச் சொல்லு,” என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை, அது பழகிப் போயிருந்தது. தன் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் தான்தான் என்பதை அவள் பிள்ளைக்கே சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறாள்.

“இல்லட்டி,” என்றேன் மகளிடம். “அம்மாவால இல்ல.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். இரண்டு பாட்டில், பாதி அளவு, பொடி எழுத்து, டாக்டரிடம் சொன்ன பொய், வீணாய்ப் போன ஒரு நாள், அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்று வராந்தாவில் டாக்டருக்குக் கொடுத்த வாக்கு. மகளுக்குப் பாதி புரிந்திருக்காது. தங்கை தன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி, கை அரிசித் தண்ணீரில் இருக்க, நான் முடிக்கிற வரைக்கும் அசையாமல் கேட்டாள்.

மருந்தைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. “அஞ்சு வருசமாவாங்க?” என்று மட்டும் கேட்டாள்.